உன் மாமா தூக்கிய பச்சை அட்டை

கார்வர் மில்ஸ், மேய்ன்
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோசெட்டுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அந்தத் தீவில் கை கால் விறைக்காமல், வேளைக்குச் சூடாக எதையாவது சாப்பிட்டு, தனியாக அந்தப் படகில் ஏறாமல் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே. போன மாதம் அனுப்பிய கம்பளிக் கையுறை வந்ததா? அளவு பெரிதாக இருந்தால் சொல், பிரித்துப் பின்னித் தருகிறேன். இங்கே பனி உருகி ஊர் முழுக்கச் சேறு. அப்பாவின் வண்டி நம் வாசலிலேயே இரண்டு தரம் புதைந்துவிட்டது, இரண்டு தரமும் வண்டியைத் திட்டாமல் என்னைத் திட்டினார். இருமல் குறைந்துவிட்டது, மருத்துவரிடம் போகச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. தொலைபேசியில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் உன் தீவில் காற்றடித்துத் தொடர்பு அறுந்துவிடுகிறது, இல்லாவிட்டால் நீ 'அம்மா, மெதுவா, மெதுவா' என்கிறாய், எனக்குக் கோபம் வந்து நானே வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும், நடுவில் மூடி வைக்காமல் கடைசிவரை படி. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

ரேயால் மாமாவின் கீழ்வயலைக் கேட்டு ஒரு கம்பெனி வந்திருக்கிறது என்று கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது சொன்னேன், ஞாபகமிருக்கும். பெரிய சாலையை ஒட்டினாற்போல் இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அந்த வயல்தான். அங்கே ஒரே கூரையின் கீழ் சட்டையிலிருந்து வெங்காயம் வரைக்கும் எல்லாம் விற்கிற கடை ஒன்று கட்டப்போகிறார்களாம். நம் ஊர் மொத்தமும் உள்ளே போய் நின்றாலும் பாதி காலியாக இருக்கும், அவ்வளவு பெரிசு. வெளியே அறுநூறு கார் நிறுத்துவதற்குத் தார் போட்ட இடம். நம் ஊரில் கார் எத்தனை இருக்கும் என்று நீயே எண்ணிக்கொள். பக்கத்து ஊர்களில் இப்படி ஒன்று வந்த இடத்தில் கடைத்தெருவில் பாதி ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள், இதை நானே கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். நம் இரும்புச் சாமான் கடை என்ன ஆகும் என்று உன் அப்பாவைக் கேட்டுப் பார்த்தேன். ஆணி டப்பாக்களை மறுபடி மறுபடி இடம் மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான்.

நூலகத்து பெர்னிஸ்தான் முதலில் கிளம்பினாள். உனக்குத் தெரியுமே, புத்தகம் ஒரு நாள் தாமதமானாலும் தெருவில் நிறுத்திக் கேட்பாள். எந்த இடத்தில் எதை எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று ஊர் எழுதி வைத்திருக்கிற கட்டட விதியை அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறாள், அதைப் படித்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். சாலையோரத்தில் வியாபாரக் கட்டடம் கட்டலாம் என்று அதில் இருக்கிறதாம், எவ்வளவு பெரிசு என்று மட்டும் ஒரு வரியும் இல்லையாம். 'லோரெட், அந்த ஒரு வரியை நாம எழுதுவோம். முப்பத்தஞ்சாயிரம் சதுர அடிக்கு மேல ஒரே கடை கூடாதுன்னு. கம்பெனியை எதிர்த்து நிக்கவேண்டாம், அளவை மட்டும் சொல்லுவோம், அவங்களே போயிடுவாங்க' என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வைப்பது என்று முடிவாயிற்று. நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் தம்பி வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

போகாததற்குக் காரணம் உனக்கே புரியும். மாமா எப்படி இருக்கிறான் என்று நீ கடைசியாகப் பார்த்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். இப்போது இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான். முப்பது மாடு, விடியுமுன் ஒரு தரம் கறவை, சாயங்காலம் ஒரு தரம், கூட ஒரு ஆள் கிடையாது. ஜனவரியில் தொழுவத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பால் வண்டிக்காரன் வந்து பார்க்கிறவரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, பால் வண்டிக்காரன்தான் கடைக்கு வந்து சொன்னான். ஓடிப் போய் ஏண்டா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டால் 'சொன்னா நீ வந்து கறப்பியா?' என்கிறான். அந்தக் கம்பெனிக்காரனுக்கு வயலைக் கொடுத்துவிட்டால் கடலோரம் படிக்கட்டில்லாத சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அவன் நினைப்பு. அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? அக்காக்காரி நான்தான் அவனுக்கு அந்த வழியை அடைக்கிற கூட்டத்தில் முன்னால் நிற்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் கடைக்கு வந்து, அப்பா அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, 'உன் புருஷன் கடை நடக்கணும்னு என் வயலுக்குப் பூட்டுப் போடுறே, அதானே?' என்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை ஜோசெட். அதற்குப் பிறகு அவன் பூசையில்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் கூட்டம் நடந்த விதத்தை உனக்கு விவரமாகச் சொல்கிறேன், ஊரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். வழக்கம்போல மாதர் சங்கத்துச் சாப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. முதல் நாளே பீன்ஸ் கொட்டைப் பானைகளை அடுப்பில் ஏற்றி வெல்லப்பாகு ஊற்றி வேகவிட்டு, காலையில் ஊர் மன்றத்துக்குக் கீழே சமையலறையில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். வாக்கெடுப்பு நேரத்தில் மேலேயிருந்து யாராவது தரையில் மூன்று தரம் காலால் தட்டினால் நாங்கள் கரண்டியைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறுவோம், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் விதி சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. தட்டினார்கள், சமையல் ஏப்ரனோடு ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றோம். கம்பெனிக்காரன் மிஸ்டர் கெல்சோ பின்வரிசையில் பளபளவென்ற ஷூவோடு உட்கார்ந்திருந்தான், இந்தச் சேற்றில் அதை எப்படித்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தானோ. ஊர்க்காரன் இல்லாததால் பேச அனுமதி கேட்டு, கிடைத்து, நிறைய வேலை தருவோம் என்றான். பெர்னிஸ் தன் ஒரு வரியை வாசித்தாள். தலைவர் வார்னி, உனக்குப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாரே அவர்தான், சுத்தியலைத் தட்டி 'ஆதரிக்கிறவங்க அட்டையைத் தூக்குங்க' என்றார். வாசலில் கொடுக்கிற பச்சை அட்டைதான், எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், ஒளிக்க முடியாது. நான் என் அட்டையைத் தூக்கிக்கொண்டு என் தம்பியைத்தான் தேடினேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, அந்தக் கனத்த கையை உயர்த்தி, அட்டையைத் தூக்கினான்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் 'லோரெட், ரேயால் நம்ம பக்கம்டி!' என்று என் முழங்கையைக் கிள்ளினாள். எண்ணிப் பார்த்தார்கள், நாங்கள் ஏழு பேர் அதிகம். மன்றமே அதிர்கிற மாதிரி கைதட்டல். எனக்கு ஜெயித்ததுகூட அப்புறம்தான், தம்பி திரும்பி வந்துவிட்டான் என்பதுதான் முதலில். சாப்பாட்டு வரிசையில் அவன் தட்டு வந்தபோது பானையின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டி அவன் தட்டில் வைத்தேன், அவனுக்கு அதுதான் பிடிக்கும். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன், அவ்வளவு மடச்சி நான்.

இங்கேதான் நாங்கள் செய்த தப்பு. கூட்டத்தில் ஒன்றை ஜெயித்தால், ஜெயித்தவர்களே உடனே எழுந்து, 'இதைத் திரும்ப ஓட்டுக்கு எடுத்துக்கலாமா?' என்று கேட்டு, அவர்களே வேண்டாம் என்று வாக்களித்துத் தோற்கடித்துவிட வேண்டும், அப்படிச் செய்துவிட்டால் அன்றைக்கு வேறு யாரும் அதைத் தொட முடியாது. கதவைச் சாத்தின கையோடு தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. நம் ஊரில் இது தெரியாத கிழவன் கிடையாது. எங்களுக்கு அது ஞாபகமில்லாமல் போனதற்குக் காரணம் என் பீன்ஸ். வாசனை மேலே வந்துவிட்டது, கைதட்டி முடிப்பதற்குள் எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள், பெர்னிஸும்தான். விதிப் புத்தகம் முழுக்கப் படித்தவள், பசி வந்தால் அவளும் மனுஷிதானே. சாப்பிட்டு முடித்து எல்லோரும் மேலே போனார்கள், நாங்கள் பதினோரு பேரும் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மேலே பனி உருகச் சாலைக்கு உப்புப் போடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நாங்களும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். காலால் தட்டவே இல்லை. தட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் தட்டவில்லையா, தெரியாது. பெர்னிஸ் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. 'போச்சு லோரெட், எல்லாம் போச்சு. திரும்ப எடுத்துட்டாங்க. ஒன்பது ஓட்டில தோத்துட்டோம்' என்றாள். என் கையில் சோப்பு நுரை, எனக்குப் புரியவே இல்லை. யார் எடுத்தது, தோற்றவர்கள் எடுக்க முடியாதே, ஜெயித்த பக்கம் அட்டை தூக்கினவர்தானே எழுந்து கேட்க முடியும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். 'உன் தம்பிதான்' என்றாள்.

ஒன்பது ஓட்டு. நாங்கள் பதினோரு பேர் கீழே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். இதை எத்தனை தரம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று உன் அப்பாவைக் கேள். அவர் பாவம், 'விடு லோரெட்' என்பதற்கு மேல் என்ன சொல்வார். ஊரில் பாதிப் பேர் என் தம்பி திட்டம் போட்டுத்தான் காலையில் அட்டை தூக்கினான், அந்தக் கெல்சோ சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்கிறார்கள். அடிப்பிடித்ததைச் சுரண்டிப் போட்ட கை இதுதானே என்று என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. கோபம் ஒரு பக்கம், அவன் தொழுவத்தில் மறுபடி விழுந்து கிடக்கிறானோ என்கிற பயம் ஒரு பக்கம். தினமும் காலையில் பால் வண்டி நம் கடையைத் தாண்டிப் போகிற சத்தத்துக்குக் காத்திருப்பேன். அது நிற்காமல் போனால் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. போதுமான ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் சிறப்புக் கூட்டம் கூட்டித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் எல்லோரையும் ஓரிடத்தில் பிடிக்க வேண்டும் என்றால் கோயிலை விடக் குப்பை கொட்டுமிடம்தான் சரி, சனிக்கிழமை அங்கே வராதவன் கிடையாது. நானும் பெர்னிஸும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று கையெழுத்து வாங்கினோம். எல்லோரும் போட்டுவிடவில்லை. ஷானா என்று ஒரு பெண், ஆலை மூடினபிறகு புருஷனுக்கு வேலையில்லை, இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பேனாவை நீட்டினதும் 'பிள்ளைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்க நான் நாப்பது மைல் போறேன் மிஸஸ் டட்டில். உங்க கடையில ஆணி இருக்கு, சாக்ஸ் இருக்கா?' என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், 'அவ சொல்றது சரிதானே' என்கிறார். கடை ஜன்னலில் ஒரு விளம்பர அட்டை வைக்கக்கூட இந்த மனுஷர் விடவில்லை. 'ரேயாலும் நம்ம கிட்டத்தான் கதவுக் கீல் வாங்குறான், அவன் வந்து நிக்கும்போது அது அவன் மூஞ்சியில அடிக்கக் கூடாது' என்கிறார். நீ யார் பிள்ளை என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வரும்.

மனு சேர்ந்துவிட்டது. மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை சிறப்புக் கூட்டம். இந்தத் தரம் சாப்பாடு கிடையாது என்று பெர்னிஸ் சொல்லிவிட்டாள், காப்பி மட்டும், அதுவும் மாடியிலேயே. மாதர் சங்கத்தில் அதற்கே ஒரு சண்டை. 'பீன்ஸ் இல்லாம கூட்டமா? யாரு வருவா?' என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயித்தால் யார் எழுந்து தாழ்ப்பாள் போட வேண்டும் என்பதற்குக்கூட ஆள் குறித்தாகிவிட்டது, அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்பதும் குறித்தாகிவிட்டது. தலை எண்ணி எண்ணிப் பார்க்கிறோம், சில நாள் நாலு பேர் அதிகம் வருகிறது, சில நாள் நாலு பேர் குறைகிறது. ஜெயித்தால் என் தம்பியை நானே அந்தத் தொழுவத்தில் வைத்துப் பூட்டினதாக ஆகும். தோற்றால் உன் அப்பா ஆணி டப்பாக்களை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

இதெல்லாம் இப்படி இருக்க, ஈஸ்டர் அன்றைக்குப் பூசை முடிந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் பூசைக்கு வரவில்லை. பன்றிக்கறியை மாவில் பொதிந்து சுட்டு, அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் நேராகத் தொழுவத்துக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தான், ஒரு மாட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு. தூங்குகிறான் என்று நினைத்தேன். இல்லை, எழுந்திருக்கத் தெம்பு சேர்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, 'திட்டணும்னா திட்டிட்டுப் போ, மாட்டை மிரட்டாதே' என்றான். திட்டத்தான் போயிருந்தேன். என் வாயில் வந்தது வேறு. காலையில் ஏண்டா தூக்கினே என்று மட்டும் கேட்டேன். பால் வாளியை ஒரு பக்கம் தள்ளி வைத்தான். அப்புறம் சொன்னான், அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். 'நீ சுவரோரமா ஏப்ரனோட நின்னே. என்னைப் பார்த்தே. கை தானா போயிடுச்சு அக்கா. எவனும் சொல்லித் தரலே. அப்புறம் கீழ வந்து உக்காந்து தின்னும்போதுதான் நெனச்சுப் பார்த்தேன், என்னடா பண்ணிட்டோம், இனி சாகிறவரைக்கும் இந்த மாட்டுக் காலடியிலதானான்னு. பயம் வந்துடுச்சு. அந்தக் கெல்சோ பக்கத்தில வந்து உக்காந்தான். எழுந்து கேக்கணும்னா ஜெயிச்ச பக்கத்து ஆளுதான் கேக்கணும், உங்களைத் தவிர எனக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் இல்லைன்னான். உனக்காகத் தூக்கினேனே, அதை வச்சே உன்னைக் கவுத்துட்டேன்.' இதைச் சொல்லிவிட்டு மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். மகளே, அவன் திட்டம் போட்டுச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நான் அழுதேன், அவனும் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் அவன், 'மே மாசக் கூட்டத்துக்கு முன்னால அந்தக் கெல்சோவுக்குப் பதில் சொல்லணும். நான் கையெழுத்துப் போடலேன்னா உன் ஓட்டும் வேண்டாம், விதியும் வேண்டாம், கடை வராது. அவனுக்கு வேற வயல் கிடையாது. ஆனா போடலேன்னா நான் எங்க போவேன்? நீ பெரியவ, ஒரு வழி சொல்லு' என்று கேட்டான். எனக்கு யோசிக்கவே நேரம் வேண்டியிருக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்துவிடு, கடைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டும் இல்லை, ஜோசெட் அறை காலியாகத்தான் இருக்கிறது, மாட்டை விற்றுவிடு, புல்லை வெட்டிக்கொள்ள யாருக்காவது வயலை விட்டுவிடு என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது, நான் பார்த்தேன். அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. 'அது பொண்ணோட ரூம். அவ வரமாட்டேன்னு சொல்லிட்டாளா?' என்றான்.

என்ன சொல்ல? ஐந்து வருஷமாக நீ 'இன்னும் ஒரு சீசன்மா' என்கிறாய், நானும் சரி என்கிறேன். அங்கே நீ வேலை பார்க்கிற மீன்குஞ்சுத் தொட்டிகளைப் பற்றிப் பேசும்போது உன் குரல் எப்படி மாறுகிறது என்பதும் எனக்குக் கேட்கிறது. ஒரு நாளும் நேராகக் கேட்டதில்லை. உன் அப்பா கேட்க விட்டதில்லை. 'கேட்டா அவ சொல்லியாகணும் லோரெட், கேக்காம இரு' என்பார். அதனால் உன் கட்டிலுக்கு மாதம் ஒரு தரம் விரிப்பு மாற்றுகிறேன், ஜன்னலைத் திறந்து விடுகிறேன், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. என் தம்பி கேட்டுவிட்டான். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, 'அவகிட்டக் கேளு. அவ வரலேன்னா நான் வர்றேன், அந்தக் கெல்சோவை அனுப்பிடறேன். அவ வர்றதா இருந்தா, நான் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கமாட்டேன் அக்கா. அந்தப் பொண்ணுக்கு வர ஒரு இடம் இருக்கணும்' என்றான். எத்தனை கெஞ்சியும் அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. உன் மாமாவின் பிடிவாதம் உனக்குத் தெரியும், அதில் பாதி உனக்கும் வந்திருக்கிறது.

ஆக இதுதான் நான் உன்னிடம் கேட்க வேண்டியது. நீ வரமாட்டாய் என்றால் மாமா அந்தத் தொழுவத்தைவிட்டு வெளியே வருவான், கீழ்வயலில் புல் முளைக்கும், அப்பாவின் கடை அவர் இருக்கிறவரை இருக்கும், பெர்னிஸ் நிம்மதியாகத் தூங்குவாள். நீ வருகிறாய் என்றால் இதில் ஒன்றும் நடக்காமல் போகலாம், ஆனால் நீ வருவாய். இரண்டில் எதை வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று தெரியாமல் நேற்றுக் கோயிலுக்குப் போய் ஏற்றாமலே திரும்பி வந்தேன். எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை இதில் எழுத மாட்டேன், எழுதினால் நீ எனக்காகக் கை தூக்கிவிடுவாய், அப்புறம் சாப்பிட உட்காரும்போது பயந்துபோவாய். அது வேண்டாம். ஊருக்காகவும் சொல்லாதே, மாமாவுக்காகவும் சொல்லாதே, அப்பா இருமுகிறார் என்பதற்காகவும் சொல்லாதே. நீ எங்கே இருக்கப்போகிறாய் என்பதை மட்டும் சொல்.

தேவமாதா உன்னைக் காற்றிலும் தண்ணீரிலும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். அந்தத் தீவில் உனக்கு நல்லவர்கள் துணை இருக்கட்டும், நீ போகும் இடமெல்லாம் நெருப்பு மூட்டின அடுப்பு இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட விடமாட்டார். உன் தபால் விமானம் வாரத்துக்கு ஒன்றுதான் என்பதால் இது கிடைத்த அன்றைக்கே பதில் எழுது, கூட்டத்துக்கு முன்னால் என் கைக்கு வர வேண்டும். கையுறை வந்ததா, குளிர் எப்படி, என்ன சாப்பிட்டாய் என்பதெல்லாம் கீழே எழுதலாம். நலமா என்றுகூட முதலில் கேட்காதே. வருகிறாயா, இல்லையா என்பதை முதல் வரியில் எழுதிவிடு ஜோசெட், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் படிக்கிற தைரியம் எனக்கு இருக்காது.

உன் அம்மா,
லோரெட் டட்டில்